எக்ஸ்ரே சாட்சி

பேராசிரியர் குஞ்சிதபாதம் மதித்த மனிதர்கள் எல்லோரும் ஐரோப்பாவில் இருந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடு தஞ்சாவூரில் நடமாடிய ஒருவரையும் அவரால் மதிக்க முடியவில்லை. கல்லூரியில் அவரிடம் பௌதிகம் படிக்க வந்தவர்கள் மாடுகள். உடன் பாடம் நடத்தியவர்கள், மாடாக இருந்து பிறகு சம்பளம் வாங்கக் கற்றுக்கொண்டவர்கள். புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த கழகத்துக்காரர்கள் மேடையில் அடுக்குமொழி பேசும் கூட்டம். அவர்களிடம் தோற்றுப்போன காங்கிரஸ்காரர்கள் அதுவும் பேசத் தெரியாத கூட்டம். மிராசுதார்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைத் தன் மைத்துனன் ரெத்தினத்தைப் பார்த்தே முடிவு செய்திருந்தார். கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்த வயல்வேலைக்காரர்களை, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நிற்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம் பெரிய மனிதர்களின் சங்கம் ஒன்று அவரை ஒளியைப் பற்றிப் பேச அழைத்தது. டாக்டர்கள், வக்கீல்கள், அரிசி ஆலைக்காரர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் அறிவு கேட்பது அவர்கள் வழக்கம். குஞ்சிதபாதம் நன்றாகத்தான் பேசினார். தண்ணீரில் கல்லைப் போட்டால் எழும் அலை மாதிரி ஒளி பரவுகிறது, ஒரு பொருளின் ஓரத்தில் பட்டால் வளைகிறது, இரண்டு அலை சந்தித்தால் ஒன்றை ஒன்று அழிக்கக்கூடச் செய்கிறது என்றார். அதே ஒளி ஒரு உலோகத்தகட்டில் விழும்போது துகள் துகளாக வந்து மோதி, ஒவ்வொரு மோதலிலும் ஒரு எலெக்ட்ரானை வெளியே தள்ளுகிறது என்றார். “அலையா, துகளா என்று கேட்டால் இரண்டும்தான். அது உண்மையில் என்ன என்று சொல்லத் துணிந்தவன் இன்றுவரை உலகத்தில் இல்லை” என்று முடித்தார்.

எல்லோரும் பலமாகக் கை தட்டினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பதற்கு அந்தக் கைதட்டலைவிட வேறு அத்தாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை.

ஒரே ஒருவர் கை தட்டாமல் உட்கார்ந்திருந்தார். கிரிமினல் வக்கீல் ஜெக்கரியா. கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஜெக்கரியாவின் கையில் அப்போது ரெத்தினத்தின் வழக்கு இருந்தது. நீடாமங்கலத்துக்குத் தெற்கே கருவேலங்குடியில் ரெத்தினத்துக்கு நிலம். தை மாதம் சம்பா அறுவடைக்கு ஊர் ஆட்கள் கூலியை உயர்த்திக் கேட்டார்கள். ரெத்தினம் மறுத்துவிட்டு, வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். உள்ளூர்க்காரர்கள் வயலில் இறங்கி, முற்றிய கதிருக்கு முன்னால் வரிசையாக நின்றுகொண்டார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. வெளியூர் ஆட்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்கள். அதைத்தான் ரெத்தினத்தால் பொறுக்க முடியவில்லை. வண்டியில் கிடந்த முளைக்கம்பை உருவிக்கொண்டு வந்து, வரிசையில் முதலில் நின்ற மருதையனை அடித்தார். தலைக்கு வந்த அடியை மருதையன் இடது கையால் தடுத்தார். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் கை மடங்கியது. மடங்கக்கூடாத இடம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. கட்டுப்போட்டும் கை நேராகச் சேரவில்லை. வழக்கு மன்னார்குடி கோர்ட்டுக்கு வந்தபோது, மருதையனின் இடது கை உள்ளங்கை வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியே நின்றது. அந்தக் கையால் ஒரு பிடி நாற்றைக்கூட அழுத்திப் பிடிக்க முடியாது.

ரெத்தினத்தின் தரப்பு சொன்னது வேறு. மருதையன் சின்ன வயதில் பனைமரத்திலிருந்து விழுந்தவன், கை அப்போதே கோணல், செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் அந்தப் பழைய கோணலைக் காட்டிக் கேஸ் ஜோடித்திருக்கிறார்கள் என்றது. இதற்கு இரண்டு பேர் சாட்சியும் சொன்னார்கள். தடை ஒன்றுதான், அந்த எக்ஸ்ரே. முறிவின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கிறது, பழைய முறிவாக இருந்தால் மழுங்கிச் சேர்ந்திருக்கும், இது அன்றைக்கு முறிந்த எலும்பு என்று டாக்டர் கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டார். எலும்பு முறிந்தது என்றால் கொடுங்காயம். ரெத்தினம் ஜெயிலுக்குப் போக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெக்கரியாவும் ரெத்தினமும் குஞ்சிதபாதத்தின் வீட்டுக்கு வந்தார்கள். ரெத்தினம் ஒரு தார் பூவன் பழத்தைக் கூடத்தில் இறக்கிவைத்தார். குஞ்சிதபாதத்தின் மனைவியும் ரெத்தினத்தின் அக்காவுமான பிரகதாம்பாள் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

“அத்தான், நீங்க பொய் சொல்ல வேணாம்” என்றார் ரெத்தினம். “வக்கீல் ஐயா கேக்குறதுக்கு உள்ளதைச் சொன்னாப் போதும்.”

“என்ன உள்ளது?”

“எக்ஸ்ரேயும் ஒளிதானே, சார்?” என்று ஜெக்கரியா கேட்டார்.

“அதே ஜாதிதான். அலைநீளம் ரொம்பக் குட்டை.”

“அப்ப அதுவும் அலைதான், துகளும்தான்?”

“ஆமாம்.”

“அலைன்னா ஓரத்துல வளையும்னு அன்னைக்குச் சொன்னீங்க. அப்ப எக்ஸ்ரேயும் வளையுமா?”

குஞ்சிதபாதம் அவரைப் பார்த்தார். அரைகுறையாகக் கேட்டவன், ஆனாலும் தூங்காமல் கேட்டிருக்கிறான். “கோட்பாட்டின்படி வளையும்” என்றார்.

“இவ்வளவுதான். இதைக் கூண்டில் சொன்னாப் போதும். நிபுணர்னு சொன்னா தஞ்சாவூர் ஜில்லாவுல உங்களை விட்டா யார் இருக்கா?”

அது பச்சையான முகஸ்துதி என்று குஞ்சிதபாதத்துக்குத் தெரிந்தது. ஆனால் அது உண்மையும்கூட என்று அவர் நினைத்தார். ஒப்புக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு பிரகதாம்பாள் கேட்டாள்: “அந்த ஆளு கை நெசமாவே அன்னைக்குத்தான் ஒடஞ்சுதா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“படத்தைப் பாத்தா உங்களுக்குத் தெரியாதா?”

“என்னை யாரும் படத்தைப் பாக்கச் சொல்லலை.”

“ரெத்தினம் அடிச்சிருப்பான்” என்றாள் அவள். “சின்னப் பிள்ளையிலயே கையில கெடச்சதைத் தூக்குவான். என் தம்பிதான், அவன் ஜெயிலுக்குப் போறதை நான் பாக்க முடியாது. ஆனா உங்களுக்குத் தெரியாதுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க.”

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

மன்னார்குடி கோர்ட்டில் அன்று கூட்டம் இருந்தது. கருவேலங்குடியிலிருந்து சங்கத்துக்காரர்கள் வந்து வராந்தாவை நிறைத்திருந்தார்கள். உள்ளே சுவரோரமாக மருதையனும் அவர் மனைவி ராமாயியும் நின்றார்கள். மருதையனுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டு, இடது கைப்பக்கம் மட்டும் தோள்வரை மடித்துவிட்டிருந்தார். ராமாயிதான் மடித்துவிட்டவள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று.

குஞ்சிதபாதம் கோட் போட்டுக்கொண்டு கூண்டில் ஏறினார். மாஜிஸ்திரேட் இளம் வயது. “தமிழிலேயே சொல்லுங்கள். எதிரிக்கும் புரியணும், அடிபட்டவருக்கும் புரியணும்” என்றார். இந்த விஷயத்தைத் தமிழில் சொல்வது பித்தளைப் பானையில் வீணை வாசிப்பது என்று குஞ்சிதபாதம் நினைத்தார். சரி என்றார்.

ஜெக்கரியா மெதுவாகக் கொண்டுபோனார். ஒளி அலையா? ஆமாம். துகளா? ஆமாம். எக்ஸ்ரேயும் அப்படியா? அப்படித்தான். அலை ஓரத்தில் வளையுமா?

“கோட்பாட்டின்படி வளையும்” என்றார் குஞ்சிதபாதம்.

துகள் சதையில் பட்டால் சிதறுமா?

“சிதறும்.”

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். அந்த இடத்தில் ஜெக்கரியா உட்கார்ந்திருந்தால் ரெத்தினம் வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் ஜெக்கரியாவுக்குத் தன் குரல் பிடித்துப்போனது. எக்ஸ்ரே பிலிமை உறையிலிருந்து எடுத்து உயர்த்திப் பிடித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

“கோர்ட்டார் அவர்கள் கவனிக்கணும். அலைன்னா வளையுது. துகள்னா செதறுது. அப்ப இந்தப் படம் என்ன? வளைஞ்சும் செதறியும் விழுந்த ஒரு கிறுக்கல். டாக்டர் சொன்னாரே கூர்மையான கோடு, அது எலும்புல இருந்த கோடா, இல்ல வெளிச்சம் வளைஞ்சதால வந்த கோடா? யாருக்குத் தெரியும்?”

அரசுத் தரப்பில் வழக்கு நடத்திய போலீஸ் அதிகாரி அதுவரை ஒரு பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். இப்போது எழுந்தார். “ஐயா, எக்ஸ்ரே மெஷின் எடுத்த படம். மெஷின் பொய் சொல்லாது” என்றார். எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார்.

குஞ்சிதபாதம் இருவரையும் பார்த்தார். ஒருவன் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். இன்னொருவனுக்கு மெஷின் என்றால் ஹரிச்சந்திரன். இந்த இரண்டு மூளைகளுக்கும் நடுவில் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இருந்தாலும் பொறுத்துக்கொண்டிருந்திருப்பார். ரெத்தினம் எதிரிக்கூண்டிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் பிரகதாம்பாள் இருந்தாள். ஆனால் ஜெக்கரியா இன்னும் முடிக்கவில்லை.

“யாருக்கும் தெரியாது. விஞ்ஞானத்துக்கே தெரியாது. இதோ, முப்பது வருஷம் இதையே பாடம் நடத்தின பேராசிரியர் கூண்டுல நிக்கிறாரு. அவருக்கே இது என்னன்னு தெரியாது. தெரியாத ஒண்ணு எடுத்த படத்தை நம்பி ஒரு கௌரவமான மனுஷரைத் தண்டிக்கணும்கிறாங்க.”

“எனக்குத் தெரியாதுன்னு யார் சொன்னா?” என்றார் குஞ்சிதபாதம்.

ஜெக்கரியா திரும்பினார். “சார், உங்க விசாரணை முடிஞ்சுது. நீங்க இறங்கலாம்.”

“எனக்குத் தெரியாதுன்னு இப்ப சொன்னீங்க. அது பதிவாகுது. நான் அப்படிச் சொல்லலை.”

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். “சாட்சி என்ன சொல்ல விரும்புறார்?”

“முதல்ல அந்தப் படத்தை நேராப் பிடிக்கச் சொல்லுங்க.”

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். கோர்ட் டவாலி அதட்டினான். மாஜிஸ்திரேட் படத்தை வாங்கி, நேராக்கி, கூண்டுக்கு அனுப்பினார். குஞ்சிதபாதம் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அந்த வழக்கில் அவர் படத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இரண்டு எலும்பும் முறிந்து, முறிந்த நுனிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. இடையில் விரல் நுழையும்.

“திருச்சி வானொலியிலேருந்து வர்றது, அடுப்புலேருந்து முகத்துல அடிக்கிற சூடு, இந்த ஜன்னல்ல வர்ற வெளிச்சம், எக்ஸ்ரே, ரேடியத்துலேருந்து வர்ற காமாக் கதிர், எல்லாம் ஒரே சாதி” என்று ஆரம்பித்தார். ஒரே சாதி என்றதும் வராந்தாவில் மறுபடி சலசலப்பு எழுந்தது. அவர் கவனிக்கவில்லை. “அலையோட நீளம்தான் வித்தியாசம். ரேடியோ அலை பெரிசு. கோயில் கோபுரம் குறுக்க நின்னாலும் அதைச் சுத்திக்கிட்டு வந்து உங்க வீட்டுல பாடும். அதுலயும் துகள் உண்டு. ஒவ்வொண்ணும் அவ்வளவு சின்னதா இருக்கறதால தனித்தனியா அகப்படாது. நீளம் குறையக் குறைய வளையறது குறையும். ஒவ்வொரு துகளுக்கும் பலம் கூடும். வெளிச்சத்துல ரெண்டு குணத்தையும் சுலபமாக் காட்டலாம். எக்ஸ்ரேக்கு வந்தா, வெளிச்சத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குட்டை. அது வளையறதைப் பாக்கணும்னா ஸ்படிகத்துக்குள்ள அணு அடுக்கியிருக்கிற இடைவெளி வேணும். மனுஷன் கை எலும்பு ஓரத்துல அது எவ்வளவு வளையும்? மயிரைப் பல ஆயிரமாப் பிளந்தா வர்ற அளவு. அந்த வளைவு கோர்ட்டார் கண்ணுக்குத் தெரியாது. வக்கீல் கண்ணுக்கும் தெரியாது.”

“நீங்கதான் வளையும்னு சொன்னீங்க” என்றார் ஜெக்கரியா.

“வளையும்னு சொன்னேன். எவ்வளவுன்னு நீங்க கேக்கலை. கேக்கத் தெரியலை.”

மாஜிஸ்திரேட் குறுக்கிட்டார். “சிதறும்னும் சொன்னீங்களே?”

“சதையில பட்டுச் சிதறும். சிதறினது பிலிம் முழுக்கப் பரவி விழும். படம் மங்கும். காலைப் பனி வயலை மறைக்கும், புதுசா வரப்பு போடாது. இந்தப் படத்துல இருக்கறது மங்கல் இல்லை. எலும்பு இருந்த இடத்துல கதிர் நின்னிருக்கு, எலும்பு இல்லாத இடைவெளியில பூந்து வந்திருக்கு. அலையா வந்துதா துகளா வந்துதாங்கறது என்னை மாதிரி ஆளுங்க கவலை. எந்த விதமா வந்தாலும் அங்கே எலும்பு முறிஞ்சிருக்கு. நுனி கூரா இருக்கு. மழுங்கலை. டாக்டர் சொன்னது சரி.”

போலீஸ் அதிகாரிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல கேள்வி தோன்றியது. எழுந்தார்.

“எதிரி உங்களுக்கு என்ன உறவு?”

“என் மனைவியோட தம்பி.”

மாஜிஸ்திரேட் அதை எழுதி, அடியில் கோடு போட்டார். ஜெக்கரியா எதையும் கேட்கவில்லை. தன் காகிதங்களை அடுக்கிக் கட்டினார். குஞ்சிதபாதத்தைக் கடந்து போகும்போது, தாழ்ந்த குரலில், “தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன் சார், அது என் தப்புதான்” என்றார். அந்த மனுஷனுக்கு அப்போதாவது விஷயம் புரிந்திருந்தது.

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. ரெத்தினம் குற்றவாளி. ஆனால் முதல் குற்றம், சமூகத்தில் அந்தஸ்து உள்ளவர், ஆத்திரத்தில் நடந்தது என்றெல்லாம் சொல்லி, கோர்ட் கலையும்வரை சிறை, கூடவே அபராதம் என்றார் மாஜிஸ்திரேட். அதாவது ரெத்தினம் சாயங்காலம்வரை கோர்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தார். அவர் ஆட்கள் ஓட்டலிலிருந்து போண்டாவும் காபியும் வாங்கிக்கொண்டுவந்து கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, காரில் ஊருக்குப் போனார். மருதையனின் கைக்குச் சட்டம் போட்ட விலை அதுதான்.

சாட்சி சொன்ன அன்று மாலை குஞ்சிதபாதம் வீட்டுக்கு வந்தபோது செய்தி முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பிரகதாம்பாள் அழவில்லை. சாப்பாடு போட்டாள்.

“நியாயத்தைத்தான் சொன்னேன்” என்றார் அவர்.

“நியாயத்தைச் சொல்லணும்னு நெனச்சிருந்தா அன்னைக்கே வக்கீலை வெளியில அனுப்பியிருக்கலாம். என் தம்பியைக் காப்பாத்தணும்னு நெனச்சிருந்தா வாயை மூடிக்கிட்டு எறங்கியிருக்கலாம். ரெண்டுல ஒண்ணை நெனச்சிருந்தாக்கூட நான் உங்களை மதிச்சிருப்பேன்.” அவள் குழம்பை ஊற்றினாள். “உங்களுக்குத் தெரியாதுன்னு ஒருத்தன் சொல்லிட்டான். அதுக்காகப் பேசினீங்க.”

அவர் தானே மோரை ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டு எழுந்தார். ரெத்தினம் அதற்குப் பிறகு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் வருவதும் நின்றது. பிரகதாம்பாள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. பேசாததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

மன்னார்குடியில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் அவருக்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட்டார்கள் என்று கேள்விப்பட்டார். தீர்மானம் போடுகிறவர்கள் அறிவு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் செய்தியைச் சொன்ன குமாஸ்தாவை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். வீட்டில் ஒருத்தி மதிக்காதபோது, வெளியில் எங்கேயோ மதிக்கிறார்கள் என்பது ஒரு பிடிமானமாக இருந்தது. மனதுக்குள் ஒரு காட்சி உண்டானது. மருதையன் கை கூப்புகிறான். கூப்ப முடியாத கை. அவர் பெரிய மனதோடு, பரவாயில்லையப்பா என்கிறார்.

மாசி மாதத்தில் ஒரு விடுமுறை நாள் அவர் கருவேலங்குடிக்குப் பஸ் ஏறினார். மைத்துனன் வீட்டுத் தெருப்பக்கம் போகாமல், வாய்க்கால் கரையோடு நடந்து, விசாரித்து, ஆட்கள் குடியிருக்கும் தெருவுக்கு வந்தார். கோட் போட்டிருந்தார். வேர்த்தது.

ராமாயி வாசலில் பாயை விரித்து நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மருதையன் நிழலில் உட்கார்ந்து, வலது கையாலும் காலாலும் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்து எழுந்தார்.

“என்னப்பா, என்னை ஞாபகம் இருக்கா?” என்றார் குஞ்சிதபாதம்.

மருதையன் கொஞ்ச நேரம் பார்த்தார். “வக்கீலு அழைச்சாந்தவரு.”

“சாட்சி சொன்னவன். எக்ஸ்ரேயைப் பத்தி.”

“ஆமாங்க.”

அவ்வளவுதான் வந்தது. குஞ்சிதபாதம் காத்திருந்தார். தெருவில் ஒரு வாத்துக்கூட்டம் கத்திக்கொண்டு போனது. “கை எப்படி இருக்கு? நீ வேலைக்குப் போறியா?” என்று கேட்டார்.

“அவரு அறுக்கப் போவ முடியாதுங்க” என்று ராமாயி சொன்னாள். நெல்லைக் கையால் பரப்பிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். “ஒங்க வயசுதான் இருக்கும் அவருக்கு. நீ வா போன்னு கூப்புடுறீங்க.”

“ராமாயி” என்றார் மருதையன்.

“சொல்றேன். வந்துட்டாருல்ல.” அவள் எழுந்து நின்றாள். “கோர்ட்டுல ஒங்களுக்கு நேராத்தான் நின்னோம். சட்டையை மடிச்சு வுட்டு, கைய வெளில நீட்டிக்கிட்டு நின்னாரு. நாந்தான் நிக்கச் சொன்னேன். அவ்வளவு நேரம் பேசுனீங்க. ரேடியோன்னீங்க, கோவுரம்னீங்க. நல்லாத்தான் பேசுனீங்க, எனக்குக்கூடப் புரிஞ்சுது. ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தீங்களா?”

“அதுக்கு அவசியம் வரலை, அம்மா. படத்துலயே எல்லாம் தெளிவா...”

“படத்தப் பாத்தீங்க.”

குஞ்சிதபாதத்துக்குக் கோபம் வந்தது. மைத்துனனைப் பகைத்துக்கொண்டு, பெண்டாட்டி முகம் கொடுக்காத வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, இந்த வெயிலில் இவ்வளவு தூரம் வந்தது இதைக் கேட்கவா? “நான் மட்டும் அன்னைக்கு வாயைத் தொறக்கலைன்னா உங்க கேஸ் நின்னிருக்காது” என்றார்.

“நின்னு என்னங்க ஆச்சு?” என்றார் மருதையன். குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டார். “சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்திருந்தாரு. போண்டா தின்னாரு. நாங்க வெளில வெயில்ல நின்னு பாத்தோம்.”

“அது மாஜிஸ்திரேட்டோட முட்டாள்தனம். நான் என்ன செய்ய முடியும்?”

“ஒண்ணும் செய்ய வேணாங்க.”

“கையைக் காட்டுங்க. பாக்குறேன்” என்றார் குஞ்சிதபாதம். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

மருதையன் கையை நீட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. ராமாயிதான் பேசினாள்.

“இப்பப் பாத்து என்ன பண்ணப் போறீங்க? நீங்க எங்களுக்காவப் பேசலன்னு அன்னைக்கே தெரியும். அந்த வக்கீலு ஒங்கள மட்டமாப் பேசிட்டாரு, ஒடனே ஒங்களுக்குப் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. அவருக்கு மட்டம் நாங்க, ஒங்களுக்கு மட்டம் அவரு. ஒங்களுக்குள்ள நடந்த சண்டயில எங்க பக்கம் கொஞ்சம் சிந்துச்சு, அவ்வளவுதான். சங்கத்துல தீர்மானம் போட்டாங்கல்ல, அது போதும்.” பிறகு கீழே பார்த்தாள். “நெல்லு மேல நிக்கிறீங்க. கொஞ்சம் தள்ளுங்க.”

அவர் தள்ளி நின்றார். செருப்பில் ஒட்டியிருந்த நெல்லை ராமாயி குனிந்து கவனமாகப் பார்த்தாள். அவர் காலை உதறினார். மணிகள் விழுந்ததும் அவற்றைப் பொறுக்கிப் பாயில் போட்டாள்.

மருதையன் தெரு முனைவரை கூட வந்தார். வாய்க்கால் பாலம் வந்ததும், “பஸ்ஸு இங்கதான் நிக்கும்” என்று காட்டிவிட்டுத் திரும்பிப் போனார். பஸ்ஸில் உட்கார்ந்த குஞ்சிதபாதத்துக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தை ரொம்ப நேரம் வைத்துக்கொள்ளப் பழக்கம் இல்லாதவர். தஞ்சாவூர் வருவதற்குள் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டார். நன்றி கெட்ட ஜனங்கள் என்றும், இவர்களுக்குப் போய்ப் பேசினோமே என்றும் நினைத்துக்கொண்டார். இவர்களுக்காகப் பேசவில்லை என்று ராமாயி சொன்னது அந்த நினைப்புக்கு நடுவில் வந்து வந்து போனது. வீட்டில் எங்கே போயிருந்தார் என்று பிரகதாம்பாள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ரெத்தினம் மேல்கோர்ட்டுக்குப் போய், அங்கேயும் தோற்றார். அடுத்த வருஷம் ஊராட்சித் தேர்தலில் நின்று ஜெயித்தார். மருதையன் கோடியக்கரைப் பக்கம் ஒரு உப்பளத்தில் காவல் வேலைக்குப் போனார். ராமாயி ஊரிலேயே இருந்து நடவுக்கும் களைக்கும் போனாள். கூலி கொஞ்சம் உயர்ந்தது. கோர்ட் உயர்த்தவில்லை. இன்னொரு அறுவடைக்கும் அதே வரிசை வயலில் நின்றதால் உயர்ந்தது.

குஞ்சிதபாதத்துக்கு அந்த வழக்கு நல்ல கதையாகிவிட்டது. கல்லூரிக்குப் புதிதாக வரும் விரிவுரையாளர்களை வீட்டுக்கு அழைத்தால் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஜெக்கரியா பிலிமைத் தலைகீழாகப் பிடித்தது, போலீஸ்காரர் மெஷின் பொய் சொல்லாது என்றது, மயிரைப் பல ஆயிரமாகப் பிளப்பது, எல்லாம் வரும். கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்கள் சரியான இடத்தில் சிரிக்கவில்லை என்று அவர் மனதுக்குள் குறை காண்பார்.

ஒரு நாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த ஒருவர் கேட்டார்: “அடிபட்டவர் யார், சார்?”

“யாரோ ஒரு கூலிக்காரன். சம்பா அறுவடைத் தகராறு. அதை விடுங்க, அந்த வக்கீல் இருக்கானே...”

பிரகதாம்பாள் காபித் தட்டோடு வந்திருந்தாள். டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

“அவர் பேரு மருதையன்” என்று வந்தவரிடம் சொன்னாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.